ஓடுகிறது, சரி. நல்லா இருக்கிறதா? பழைய எஸ்.எம்.பி.எஸ். தேற்றுகிறோம்

[மேசையில் அடுக்கி வைத்த சாம்பல் நிறத் தகரப் பெட்டிகள். பின்னணியில் ஒரு சின்ன ஃபேன் கரகரக்கிற சத்தம்.]

வணக்கம். இந்த அடுக்கில் இருப்பது பதினோரு கம்ப்யூட்டர் பவர் சப்ளை. நம் ஊர்ப் பேச்சில் எஸ்.எம்.பி.எஸ். பரணில் இன்னும் சில இருக்கின்றன. எத்தனை என்று கேட்காதீர்கள், வீட்டில் காதில் விழுந்தால் இன்றைக்குச் சோறு கிடையாது.

தபால் தலை சேர்க்கிறவர்கள், நாணயம் சேர்க்கிறவர்கள் மாதிரி நான் இதைச் சேர்க்கிறேன். காயலான் கடை, ரிச்சி தெரு ஓரத்துப் பழைய சாமான் குவியல், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போடும் கேபினட் என்று எங்கிருந்தாவது வந்து சேரும். இன்றைக்கு இந்தப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். காயலான் கடையில் 80 ரூபாய். லேபிளில் 300 வாட், தயாரித்த வருடம் 2006.

[கிட்டத்தில்: 24 பின் கனெக்டர். வளைத்த கம்பி ஒன்று பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைக்கிறது. ஃபேன் சுற்றத் தொடங்குகிறது.]

பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு கம்பியைச் செருகினால் எஸ்.எம்.பி.எஸ். எழுந்துகொள்ளும். கம்ப்யூட்டரில் மதர்போர்டு செய்யும் வேலையும் இதேதான், பச்சை ஒயரைத் தரைக்கு, அதாவது கறுப்பு ஒயருக்கு, இழுக்கிறது. கடைக்காரரும் இப்படித்தான் காட்டுவார். "பாருங்க சார், ஃபேன் சுத்துது, எடுத்துட்டுப் போங்க."

ஃபேன் சுற்றினால் ஃபேன் சுற்றுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆறேழு வருடம் முன்பு இதே மாதிரி ஒன்றை வாங்கி, கம்பி செருகிப் பார்த்து, நன்றாக இருந்த என் பழைய மதர்போர்டில் மாட்டினேன். ஸ்விட்ச் போட்டதும் லேசாக ஒரு வாசம். போர்டு போய்விட்டது. பிறகு மல்டிமீட்டரை எடுத்து ஊதா ஒயரில் வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுக்கும் மேல்.

ஊதா ஒயர் என்பது ஸ்டாண்ட்பை. கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாலும், பிளக் செருகியிருக்கும் வரை அதில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வது அதனால்தான். ஆக, ஊருக்கே லீவு என்றாலும் அந்தச் சின்ன சர்க்யூட்டுக்கு லீவு இல்லை. பழைய மலிவு டிசைன்களில் அது தன் வோல்டேஜைக் கண்காணிக்க ஒரு குட்டி கெபாசிட்டரை, அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளையை, நம்பியிருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் இருந்து அந்தக் கெபாசிட்டர் உள்ளே காய்ந்துபோனால், சர்க்யூட் "ஐயோ, வோல்டேஜ் குறைந்துவிட்டது" என்று தப்பாக நினைத்து இன்னும் ஏற்றும், இன்னும் ஏற்றும். நிலக்கடலை அளவு கெபாசிட்டர், விலை சில ரூபாய். அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகிறது.

அன்றையிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஊதா ஒயரைத்தான்.

[வெள்ளைத் தாளில் கையால் வரைந்த படம்: சுவர் பிளக்கிலிருந்து பெட்டிக்குள் ஓடும் அம்புக்குறிகள்.]

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை முதலில் டி.சி.யாக மாற்றுகிறார்கள். அது ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. ஆகிப் பெரிய கெபாசிட்டர்களில் உட்கார்கிறது. 230 என்பது ஆர்.எம்.எஸ். என்ற ஒருவகைச் சராசரிக் கணக்கு, அலையின் உச்சி அதற்கு 1.414 மடங்கு. அந்த 325ஐ டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகின்றன. மறுபக்கம் 12, 5, 3.3 வோல்ட்.

ஏன் இத்தனை வேகமாக வெட்ட வேண்டும்? வேகம் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துக்கொண்டே போகும். பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 50 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் இரும்பு என்ன கனம் கனக்கும் என்று. 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற இன்ஜினியர் இந்த வெட்டும் முறையில்தான் சப்ளை செய்துகொடுத்தார். பெட்டி சிறியதாக, ஃபேன் இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1981இன் ஐ.பி.எம். பி.சி.க்கு வெறும் 63.5 வாட் சப்ளை. 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று மட்டுமே 450 வாட் கேட்கிறது. அந்தக் கார்டை ஓட்ட ஏழு ஐ.பி.எம். பி.சி.யின் சப்ளை சேர்ந்தாலும் போதாது!

சேர்க்கிறவர்களுக்கு வயது கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. மதர்போர்டு, கேபினட், சப்ளை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த, இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது 1995இல். அதற்கு முந்தைய ஏ.டி. வகையில் மதர்போர்டில் செருக அடுத்தடுத்து இரண்டு கனெக்டர், பி8, பி9. கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்திருக்கும்படி செருக வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு காலி. இன்னொன்று, அதில் முன்பக்க ஸ்விட்சுக்கே நேராக 230 வோல்ட் போகும். ஏ.டி. பெட்டியைத் திறந்து நோண்டுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. ஏ.டி.எக்ஸில் 20 பின் என்றால் பழசு, 24 பின் என்றால் 2003க்குப் பிந்திய வகை. பிராசசருக்கென்று தனியாக நான்கு பின் 12 வோல்ட் கனெக்டர் வந்தது 2000இல். கனெக்டரில் வெள்ளை ஒயர் இருந்தால் அது மைனஸ் 5 வோல்ட், பிற்பாடு கைவிட்டுவிட்டார்கள். வெள்ளை ஒயர் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

கனெக்டர் ஒரே மாதிரி இருந்தால் ஒயரும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1990களின் பிற்பகுதியில் டெல் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அச்சு அசலாக ஏ.டி.எக்ஸ். கனெக்டரே இருக்கும், ஆனால் பின் வரிசை வேறு. சாதாரண சப்ளையை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

[கையில் இரண்டு பெட்டிகள். ஒன்று சட்டென்று மேலே எழும்புகிறது, இன்னொன்று கையைக் கீழே இழுக்கிறது.]

இனி முக்கியமான கேள்வி. எதைத் தேற்றுவது, எதைப் போட்டுவிடுவது?

தராசு வேண்டாம், கை போதும். இந்த இடது கைப் பெட்டியில் "500 வாட்" என்று எழுதியிருக்கிறது. தூக்கினால் காலி டப்பா மாதிரி இருக்கிறது. லேபிளில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். இன்றைய கம்ப்யூட்டர் சாப்பிடுவதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான். மீதி 332 வாட்டில் பெரும்பகுதி அட்டைப்பெட்டிக்காக எழுதியது.

டார்ச் அடித்துப் பெட்டியின் காற்றோட்டத் துளை வழியாகப் பாருங்கள். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்க வேண்டும், சுவரிலிருந்து வரும், சுவருக்குப் போகும் இரைச்சலை வடிகட்டுவதற்கு. இதில் காயிலுக்கான இடம் இருக்கிறது, பெயரும் அச்சடித்திருக்கிறது, காயில் இல்லை. இரண்டு துண்டுக் கம்பியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இப்படிப்பட்டதில் நான் சால்டரிங் அயர்னை வைப்பதே இல்லை. ஒயர், கனெக்டர், ஃபேன், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு மீதியை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன். நல்லது ஒன்றைத் தேற்ற இரண்டு மோசமானவை உதிரி பாகம் கொடுக்கும், அது போதும்.

வலது கையில் இருப்பதுதான் நம் 80 ரூபாய்ப் பெட்டி. கனம் இருக்கிறது. திறக்கலாம்.

[ஸ்க்ரூ கழற்றும் காட்சி. மேல்தட்டு எழும்புகிறது. உள்ளே தூசி.]

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்பதால் ஷாக் அடிக்காது என்று கிடையாது. அந்த 325 வோல்ட் இன்னும் கெபாசிட்டரில் இருக்கலாம். வடித்துவிடுவதற்கென்று ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அதுவே அறுந்திருந்தால்? இதில் 200 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராக (சீரிஸில்) இணைத்திருக்கிறார்கள். மீட்டரை வைக்கிறேன். பிளக் எடுத்துப் பத்து நிமிடம் ஆகியும் ஒன்றில் 40 வோல்ட். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டிப் பொறி பறக்க விடுவது சிலருக்கு வீரம், எனக்கு வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய 25 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கெபாசிட்டரின் இரு முனைகளில் சில வினாடி வைத்துப் பிடிக்கிறேன், மறுபடி மீட்டர். ஒரு வோல்ட்டுக்கும் கீழே. இப்போது கை வைக்கலாம். மின்சார வேலையே பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நின்று வேடிக்கை மட்டும் பாருங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

தூசியை பிரஷ்ஷால் தட்டியதும் நோய் தெரிகிறது. வெளியே போகும் ஒயர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டர்களில் மூன்றுக்குத் தலை உப்பியிருக்கிறது, ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிவு. 1999 தொடங்கி 2007 வாக்கில் வரை உலகம் முழுக்க மதர்போர்டு, மானிட்டர், சப்ளை எல்லாவற்றிலும் இந்தத் தொற்று இருந்தது. உள்ளே ஊற்றிய திரவத்தின் சேர்மானம் சரியில்லை, அது அலுமினியத்தை அரித்து வாயுவைக் கிளப்பிவிடும். தலையில் கீறிய கோடுகள் அதற்காகத்தான், வெடிப்பதற்குப் பதில் அந்த இடத்தில் பிளந்து வாயுவை விடட்டும் என்று.

மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் அதிகம், 105 டிகிரி வகை, லோ இ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்த ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். வெறுமனே "2200, 10 வோல்ட் குடுங்க" என்றால் ஆம்பிளிஃபயருக்குப் போடும் சாதா ரகம் கைக்கு வரும். அதுவும் பொருந்தும், ஓடும், சில மாதத்தில் உப்பும். உப்பாதவற்றையும் இ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுகிறேன், காய்ந்துபோன கெபாசிட்டர் வெளியே அழகாகத்தான் இருக்கும். ஸ்டாண்ட்பை சர்க்யூட்டின் குட்டி கெபாசிட்டரை மட்டும் நான் சோதிப்பதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவேன். பழைய பகை.

பாகங்களைப் பிடித்து வைக்க ஊற்றிய பசை பழுப்பாகிக் கருத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் வெந்த பசை சில சமயம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். ஃபேன் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். கரகரப்பு நின்றுவிட்டது, கேட்கிறதா?

[சுவர் பிளக்குக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் நடுவே பலகையில் ஒரு குண்டு பல்பு.]

பாகம் மாற்றிய பிறகு முதல் தடவை நேராகச் சுவரில் செருகக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்புதான் இங்கே காவல்காரன். 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகிறது. பின்னால் சிவப்பு ஸ்விட்ச் 230இல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு... போடுகிறேன். பல்பு பளிச்சென்று ஒரு கணம், பிறகு அணைந்துவிட்டது. நல்ல சகுனம். விடாமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள புது வகைகளில் பல்பு விட்டு விட்டு மின்னும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஊதா ஒயர்: 5.08. அப்பாடா.

இனி பல்பு காவலை எடுத்துவிட்டு லோடு, அதாவது சுமை. இதற்குப் புதுப்பேட்டையில் வாங்கிய கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், ஒவ்வொன்றும் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். சப்ளையை ஓடவிட்ட பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். குளிர்ந்த பல்பு முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நல்ல சப்ளையும் பயந்து அணைந்துவிடும். பழைய பெட்டிகளுக்கு 5 வோல்ட் பக்கமும் கொஞ்சம் சுமை வேண்டும், இல்லாவிட்டால் 12 தடுமாறும். அதற்குப் பெரிய ஒயர்-சுற்று ரெசிஸ்டர்.

அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 5 சதவீதம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் நடுவே, 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவே. இரண்டு பல்போடு இது 11.9, 5.02. இரண்டு மணி நேரம் எரியவிட்டேன். 11.87. மோப்பம் பிடித்தேன், கருகல் வாசம் இல்லை.

மீட்டரோடு நிறுத்தியிருந்தால் இங்கேயே பாஸ் போட்டிருப்பேன். ஆனால் மீட்டர் சராசரியைத்தான் சொல்லும், மேலே ஓடும் சின்ன அலையை, அதாவது ரிப்பிளைச் சொல்லாது.

[ஆஸிலோஸ்கோப் திரை, மின்அலையை வரைந்து காட்டும் கருவி. பச்சைக் கோட்டில் கூர்கூராக முட்கள்.]

12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை ரிப்பிள் இருக்கலாம் என்பது ஏ.டி.எக்ஸ். கணக்கு. இங்கே ஒரு பல்போடு 90. இரண்டு பல்போடு, பாருங்கள், 160. நான் மாற்றாமல் விட்ட ஒரு கெபாசிட்டரோ, அதற்கு முன்னால் இருக்கும் டயோடோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.

அதுவரை பெட்டியின் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுகிறேன்: இன்றைய தேதி, "ஸ்டாண்ட்பை 5.08, ரிப்பிள் அதிகம், கம்ப்யூட்டருக்கு ஆகாது". சமையலறை அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் போட்டுத் தரச் சொல்லி வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு ஆம்பியர் கூடத் தேவையில்லை, ரிப்பிளைப் பற்றி அந்த விளக்குக்குக் கவலையும் இல்லை. பெட்டியைப் பரணில் ஏற்றாமல் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்பதே இன்றைக்குப் பெரிய செய்தி.