செய்தி யார் காதில் விழுந்தது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டது 1863 ஜனவரி 1. டெக்சாஸ் மாநிலத்துக் கறுப்பின மக்கள் கொண்டாடத் தொடங்கியதோ ஜூன் 19-ஐ. கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் படையோடு வந்த தளபதி கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்று 1865-இல் அறிவித்த நாள் அது. இரண்டரை ஆண்டுத் தாமதம்! கையெழுத்துப் போட்டவரின் நாளை விட்டுவிட்டு, செய்தி தங்கள் காதில் விழுந்த நாளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தன்மானம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த விழாவுக்கு இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது. ஹூஸ்டன் நகரில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள் 1872-இல் ஆயிரம் டாலர் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். உழுவதற்கல்ல, குடியிருப்பதற்கல்ல, ஒன்றுகூடி நின்று கொண்டாடுவதற்கு! விடுதலைப் பூங்கா என்றே அதற்குப் பெயர்.

நம் மண்ணுக்கு வருவோம். 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. இரண்டு கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. முதுகு ஒடிய உழைத்தவருக்கு ஒரு காசு இல்லை. அடிமைகள் விடுதலையான மொரிஷியஸ் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களில் பல நம் சென்னையிலிருந்து கிளம்பியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமையாக உடைமைகொள்ளும் உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. அவ்வளவுதான். 'நீ போகலாம்' என்று எவரையும் பார்த்து அது பேசவில்லை. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாரின் களத்துமேட்டில் நின்ற பண்ணையடிமையான படியாளுக்கு அதை யார் போய்ச் சொன்னார்கள்? சொல்லியிருந்தால் நம் பாட்டிமார் அந்த நாளில் ஒரு பொங்கலாவது வைத்திருக்க மாட்டார்களா?

1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இது தெளிவாகவே பேசியது: கொத்தடிமைகள் விடுவிக்கப்படுகிறார்கள், அவர்களைக் கட்டிவைத்த கடனும் ஒழிந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 9-இல் அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறோம். நல்லது. ஆனால் அந்தச் சொற்கள் அலுவலகச் சுவரைத் தாண்டுகின்றனவா? சென்னையைச் சுற்றிய மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் இந்தத் தலைமுறையிலும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக, பிள்ளைகளோடு அங்கே கட்டுண்டு கிடந்தவர்கள்.

அப்படி மீட்கப்பட்ட ஒரு தாயின் கையில் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டபோது நான் அருகில் நின்றேன். அவர் அதை என்னிடம் நீட்டி, "படிச்சுக் காட்டுய்யா" என்றார். படித்தேன். கடன் ரத்து என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இப்போ முதல்லேருந்து படி" என்றார்.

வரும் பிப்ரவரி 9 அன்று இந்தச் சட்டத்தைச் சூளை வாசலில், ஆலை வாசலில், அவர்கள் பேசும் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். என்னோடு வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வந்து பெயர் கொடுங்கள்.