ஏட்டில் 50, வீதியில் எவருமில்லை

(லண்டனில் தமிழர் சங்கமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, மாலை தொடக்கம் ஓய்வில்லாமல் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலாளர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, ஆலய அறங்காவலர்களே, எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மருத்துவர் அம்மா நள்ளிரவுகளில் விபத்துப் பிரிவில் நின்று உயிர்களைக் காத்தவர். வாகனம் ஓட்டுவோருக்கான மது எல்லையை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்க வேண்டும் என்று அவர் பேசினார். அவரை மறுத்துப் பேசுமுன் அவருடைய கைகளை மனதார வணங்குகிறேன்.

நான் குடிப்பவர்களின் வக்கீலாக இங்கே நிற்கவில்லை. என் வாழ்நாளில் மதுவைத் தொட்டவனல்லன். இருந்தும் இந்தக் குறைப்பை எதிர்க்கிறேன். மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்: ஒன்று ஸ்கொட்லாந்து கண்ட அனுபவம், மற்றொன்று வீதிச் சோதனை, மூன்றாவது இரவு குடித்துவிட்டு மறுநாட் காலை வேலைக்கு வாகனத்தில் போகும் தொழிலாளியின் நிலை. என் அம்மம்மா அடிக்கடி சொல்வார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று. சட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

இந்த நாட்டில் 80 என்ற எல்லை 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் பார்பரா காசில் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரமே இல்லாதவர். அதைச் சொல்லியே அவரைத் தாக்கினார்கள், அவர் அசையவில்லை. அந்தச் சட்டம் மக்களின் நடத்தையை மாற்றியது, அதனால் வீதிச் சாவுகள் குறைந்தன. இலக்கத்தோடு கூடவே ஊதிப் பார்க்கும் கருவியும் பொலிசாரின் கையில் வீதிக்கு வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஸ்கொட்லாந்து 2014 டிசம்பர் 5 ஆம் திகதி எல்லையை 50 ஆக்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதன் முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை எடுத்து, இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கோடு ஒப்பிட்டு, 2018 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எல்லையைக் குறைத்ததால் விபத்துகள் குறைந்ததாக அவர்கள் காணவில்லை. சட்டத்துக்குத் தக்க கண்காணிப்பு வீதியில் இல்லாததே காரணமாயிருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். வட அயர்லாந்தைப் பாருங்கள். எல்லையைக் குறைக்கும் சட்டத்தை 2016 இல் நிறைவேற்றினார்கள், அது ஆண்டுக்கணக்காக நடைமுறைக்கு வராமல் கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய்க்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நம்மில் பலரைப் போல நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தவன். இரவு பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டால் பிறகு கண்ணாடி யன்னல்தான், அதன் கீழே காசு வாங்கும் இழுப்பறை. வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் வருவார். நல்ல கோட், நல்ல கார், வாயில் எப்போதும் மிளகுக்கற்பூர மிட்டாய். ஒருநாள் இழுப்பறைக்குள் வைக்க வேண்டிய சில்லறையை அவர் வெளியே நிலத்தில் கொட்டினார். குனிந்து பொறுக்கப் போனவரால் எழும்ப முடியவில்லை, யன்னலின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பின் எழுந்து போய், பெற்றோல் குழாயைத் தாங்கியிலிருந்து எடுக்காமலே காரைக் கிளப்பினார். குழாய் அறுந்து காரின் பின்னால் வால் போல இழுபட்டுப் போனது. நான் கார் இலக்கத்தை ரசீதின் பின்புறத்தில் எழுதி, தொலைபேசியில் பொலிசுக்குச் சொன்னேன். ஆள் கிடைத்தால் அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. அடுத்த வெள்ளி அதே கார், அதே மிட்டாய், அதே பதில். ஆறு வெள்ளிக்கிழமைகள் போயின. ஏழாவது வெள்ளி அவர் எங்கள் ஷெட்டிலிருந்து நூறு யார் தூரத்திலுள்ள பஸ் தரிப்பிடத்துக்குள் காரைச் செலுத்தினார். அதற்குச் சற்று முன்னர்தான் கடைசி பஸ் போயிருந்தது, அந்த இருக்கையில் ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் வந்த பொலிஸ்காரர் அளவு எல்லையைப் போல மூன்று மடங்கு என்றார். மருத்துவர் அம்மாவைக் கேட்கிறேன்: அந்த மனிதருக்கு எல்லை 80 ஆனால் என்ன, 50 ஆனால் என்ன? ஆறு வெள்ளிகளில் ஒரு வெள்ளியாவது ஒருவர் அவரை மறித்து ஊதச் சொல்லியிருந்தால் போதுமே!

அதனால்தான் நான் வீதிச் சோதனையைக் கேட்கிறேன். இங்கே பொலிசார் எந்த வாகனத்தையும் மறிக்கலாம், ஆனால் ஊதச் சொல்வதற்குச் சந்தேகமோ, வீதிக் குற்றமோ, விபத்தோ இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1980 இல் எல்லையை 50 ஆக்கினார்கள். ஆயினும் மக்கள் உண்மையில் அஞ்சத் தொடங்கியது 1982 டிசம்பரில், எவரையும் எங்கேயும் மறித்துச் சோதிக்கும் முறை வந்த பிறகுதான். 2010 இல் சட்ட அறிஞர் சேர் பீட்டர் நோர்த் அரசுக்குத் தந்த அறிக்கை 50 ஐப் பரிந்துரைத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதே அறிக்கை, சந்தேகம் இல்லாமலே சோதிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்குக் கொடுக்கவும் பரிந்துரைத்தது. அந்தப் பாதியை ஏன் ஒருவரும் வாசிப்பதில்லை? இங்கிலாந்திலும் வேல்சிலும் நடக்கும் ஊதுசோதனைகள் 2009 ஆம் ஆண்டில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டன. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலியை மட்டும் உயர்த்துகிறோம்.

பிரான்சிலும் ஜெர்மனியிலும் 50 தானே என்று கேட்பீர்கள். அங்கே 50 ஐச் சற்றுத் தாண்டியவருக்கு முதலில் அபராதமும் அனுமதிப்பத்திரத்தில் தண்டப் புள்ளிகளும், அல்லது ஒரு மாதத் தடை. இங்கே குற்றம் நிரூபணமானால் குறைந்தது 12 மாதம் அனுமதிப்பத்திரம் போய்விடும். டாக்சி ஓட்டும் நம் தம்பிமாருக்கு அந்த 12 மாதம் வீட்டு அடுப்பே அணைவதற்குச் சமம். மறுநாட் காலை பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், தலைவர் மணியைக் காட்டுகிறார், அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

சந்தேகமின்றிச் சோதிக்கும் அதிகாரமும், இரவு ரோந்துக்குப் போதிய பொலிசாரும் கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பம் வாசல் மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரசபை உறுப்பினர் அவர்கள் முதற் கையெழுத்தை இட்டுத் தருமாறு இந்தச் சபையின் முன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இடத்தை மருத்துவர் அம்மாவுக்காக வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.