பெண்டகனில் இருமடங்கு கழிப்பறைகள் கட்டப்பட்டது ஏன்?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். அமெரிக்க இராணுவத் தலைமையகமான பெண்டகனில், தேவையைப் போல் இருமடங்கு கழிப்பறைகள் கட்டப்பட்டன. கணக்குப் பிழையால் அல்ல, சட்டத்தால்.

முதலில் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1941 ஜூலையில் ஒதுக்கப்பட்ட ஆர்லிங்டன் பண்ணை நிலத்தைச் சாலைகள் ஐந்து பக்கமும் வளைத்திருந்ததால், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பெர்க்ஸ்ட்ராமின் குழுவினர் கட்டடத்தையும் ஐங்கோணமாகவே வரைந்தார்கள். ஆர்லிங்டன் கல்லறையிலிருந்து வாஷிங்டன் நகரைப் பார்க்கும் காட்சியை அது மறைத்துவிடும் என்று எதிர்ப்பு எழவே, அதிபர் ரூஸ்வெல்ட் இடத்தை மாற்றினார். வடிவம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. செப்டம்பர் 11இல் தொடங்கிய வேலை 1943 ஜனவரியில் முடிந்தது. போருக்கு எஃகு தேவைப்பட்டதால் மின்தூக்கிகளைத் தவிர்த்து, காங்கிரீட் சரிவுப் பாதைகளை அமைத்தார்கள்.

இனி கழிப்பறைக்கு வருவோம். கட்டடம் எழுந்த வெர்ஜீனியாவில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைக்கும் சட்டம் இருந்தது. எனவே இரு சாராருக்கும் தனித்தனியாக, மொத்தம் 284 கழிப்பறைகள் கட்டப்பட்டன. பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப்பாகுபாடு கூடாதென்று 1941 ஜூனிலேயே ஆணையிட்டிருந்த ரூஸ்வெல்ட், கட்டடத்தைப் பார்வையிட வந்தபோது இத்தனை எதற்கு என்று கேட்டு, 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகள் அங்கே தொங்கக் கூடாதென்று தடுத்தார். வெளியே சட்டம் நீடித்தது. உள்ளே பலகை மாட்டப்படாத கதவுகள் எல்லாருக்கும் திறந்தன.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்தப் பலகையும் இருந்ததில்லை. ஆனாலும் துரை பங்களாவின் முன்படியில் கால் வைக்கக் கூடாதென்பது தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பால்மரம் வெட்டிய கையோடு காய்கறிக் கூடை கொண்டுபோன பாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில்தான் நிற்பாராம். பலகையென்றால் ஓர் ஆணையால் கழற்றிவிடலாம். பலகையில்லாத வழக்கத்தை எந்த ஆணையால் கழற்றுவது?

1992இல் பெண்டகன் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெளிச்சுவர்களும் நடு முற்றமும் ஐங்கோண வடிவமும் பாதுகாப்புக்கு உரியவை. அந்தக் கழிப்பறைக் கதவுகளில் ஒன்றையாவது அதே பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் தோட்டத்துப் பங்களாவின் பின்வாசல் இன்னும் நிற்கிறதா? ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.