அப்பாவிடமும் அம்மாவிடமும் நாம் கேட்காத கேள்விகள்

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அப்பா சின்ன வயதில் எதைக் கண்டால் பயந்து ஓடுவார்? அம்மாவோடு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் என்ன? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். சரி, ஏழெட்டுக் கைகள்தான். பரவாயில்லை.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் இந்த மாதிரி 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் நல்ல மதிப்பும் இருந்தது. உடனே வீட்டுக்குப் போய்ப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடாதீர்கள். அதனால் பயனில்லை என்பதை டியூக்கே சொல்லியிருக்கிறார். சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற வீட்டில்தான் இந்தக் கதைகள் பிள்ளைகளின் காதில் விழுகின்றன.

ஆனால் அப்பா அம்மாவைப் பேச வைப்பது லேசான வேலையில்லை. “உங்க சின்ன வயசுக் கதையைச் சொல்லுங்க” என்று கேட்டால், “அதுல என்ன இருக்கு” என்று எழுந்து போய்விடுவார்கள். பெரிதாகக் கேட்டால் பதில் வராது. “ராத்திரி எங்கே படுப்பீங்க? பக்கத்துல யார்? விளக்கை யார் அணைப்பாங்க?” என்று கேளுங்கள். விளக்கில் ஆரம்பித்து, இருட்டுக்குப் பயந்த தம்பி வருவான், அவனைப் பயமுறுத்திய அண்ணன் வருவான், அப்புறம் இருவரும் வாங்கிய அடி வரும். நடுவில் அவர்கள் பேச்சை நிறுத்தினால் நீங்கள் நிரப்ப வேண்டாம். யோசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அனுமதி கேட்டுவிட்டு அலைபேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரப் பதிவை யாரும் திறக்கப் போவதில்லை. ஒவ்வொரு கதையாக வெட்டிக் குடும்பத்தாருக்கு அனுப்புங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். “இது உனக்கு மட்டும்” என்று சொன்னது மட்டும் எங்கேயும் போகக்கூடாது.

அனுப்பியதும் அத்தை கூப்பிடுவார்: “உங்கப்பா சொல்றது பொய். மரத்திலிருந்து விழுந்தது நான்!” எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மூளை அந்த நினைவைக் கொஞ்சம் மாற்றிக் கட்டிவிடலாம். இருவருமே மனதறிந்து பொய் சொல்லவில்லை. நீதிபதியாகிவிடாதீர்கள். அத்தையின் கதையையும் பதிவு செய்து பக்கத்தில் வையுங்கள்.

கேட்பதற்குச் சரியான ஆள், என் கணக்கில், நாம் இல்லை, பேரப்பிள்ளைதான். நம்மைக் கண்டித்து வளர்த்தவர்கள், தாங்கள் பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றிய கதையை நம்மிடம் எப்படிச் சொல்வார்கள்? பேத்தி கையில் அலைபேசியைக் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.