பேருந்தை விட்டு இறங்கியவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

சென்னையில் கார் இல்லாமல் வாழ்வதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் கார் இல்லை. வாங்க வசதி இருந்தும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் மிகப் பலருக்குக் கார் இல்லாமல் இருப்பது அவர்கள் எடுத்த முடிவு அல்ல. அவர்களுக்கு வாய்த்த நிலைமை. அவர்கள் முன்னால் நின்றுகொண்டு என் முடிவைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

பணக் கணக்கு எளிது. கடன் தவணை இல்லை, காப்பீடு இல்லை, வண்டியை நிறுத்த இடம் தேடி அண்டை வீட்டாரோடு வாக்குவாதம் இல்லை. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 1000 ரூபாய் மாதாந்திரப் பயண அட்டை கையில் இருந்தால், குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அலுவலக நேரத்தில் அண்ணா சாலை எவ்வளவு திணறினாலும் அது தன் தடத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இழப்பதைச் சொல்வதுதான் கடினம். நேரம் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உறவுகளும் தளர்ந்துபோகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. திருமண மண்டபங்கள் இப்போது வண்டலூரைத் தாண்டியும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருக்கின்றன. வரவேற்பு தொடங்குவதே ஏழு மணிக்கு. சாப்பிட்டு எழும்போது பத்தரை. பட்டுப் புடவையும் நகையுமாக, தூங்கி வழியும் குழந்தையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் எந்தப் பேருந்துக்குக் காத்திருப்பது? யாராவது நம் பக்கம் போகிறார்களா என்று விசாரிக்க வேண்டும், அல்லது போகாமலே இருந்துவிட வேண்டும். "நீங்கள்தான் எதற்குமே வருவதில்லையே" என்று சித்தி வருத்தப்பட்டால் அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

முதுமை இன்னும் கண்டிப்பான பரீட்சை. முழங்கால் வலி உள்ளவருக்குப் பேருந்தின் முதல் படியே மலை. உயிருக்கு ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ் வரும். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் எதிர்வீட்டுக்காரரின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கார் இல்லாத வீடு பல நேரம் அடுத்தவர் காரின் துணையோடுதான் நடக்கிறது. வீட்டுக்குள்ளும் இந்தச் சுமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, காய்கறிப் பையைச் சுமப்பது எல்லாம் யார் தலையில் விழுகின்றன? முடிவு என்னுடையது என்று நான் பெருமையாகச் சொல்லலாம். அதற்கான நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர் என் மனைவி. கார் வேண்டாம் என்று ஓர் ஆண் அறிவிக்கும் வீட்டில் இதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பேருந்தில் போகிறேன் என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். வெளியே செல்ல வீட்டில் காசு கேட்டு நின்ற பெண்கள் இப்போது யாரையும் கேட்காமல் கிளம்ப முடிகிறது. இந்த ஆட்சி, அந்த ஆட்சி என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டே இதைச் சொல்கிறேன். அவர்களுடைய பேருந்து தாமதமானால், கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நிறுத்தத்தில் நில்லாமல் போனால், யார் தட்டிக் கேட்பது? மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியின் தொலைபேசி எண் வைத்திருப்பவர், செய்தித்தாளுக்குக் கடிதம் போடுபவர் எல்லோரும் கார் வாங்கி இறங்கிப் போய்விட்டார்கள். இருக்கையை யாராவது நிரப்பிவிடுவார்கள். அந்தக் குரலை யார் நிரப்புவது?

கத்திப்பாராவைப் பாருங்கள். பிரம்மாண்டமான மேம்பாலம் 2008இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே பரங்கிமலை. 2007இல் வேளச்சேரி வரை வந்துவிட்ட, உயர்த்திய பாதையில் ஓடும் பறக்கும் ரயிலை அங்கே கொண்டுசேர்க்க எஞ்சியிருந்தது ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டர் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. நிலம் கையகப்படுத்துவதில் வழக்குகள் இருந்தன, உண்மைதான். ஆனால் மேம்பாலம் இப்படிப் பாதியில் நின்றிருந்தால் நகரமே கொதித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு ஏறலாம். முழங்கால் வலிக்காரரும் ஏறலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுபவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் விடாமல் வழக்காடியதால் அவை வந்தன. அந்தப் பேருந்தில் இன்று அலுங்காமல் ஏறும் தாத்தாவும் கர்ப்பிணியும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

கார் வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது தேவை. வாரத்தில் சில நாட்களாவது பேருந்தில் ஏறுங்கள், ஏறியதைப் பேசுங்கள். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். மாலையில் அங்கே பாட்டியும் பேத்தியும் கைகோத்து நடக்கிறார்கள். நம் தெருவில் நடைபாதை மேல் மின்பெட்டியும் நிறுத்திய கார்களும் இருக்கின்றன. நடப்பவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும்.

அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 முதல் நடக்கின்றன. நடைபாதையும் பேருந்து நிழற்குடையும் மாநகராட்சியின் பொறுப்பு, அங்கேயே கேட்கலாம். நம் வட்டத்தில் அடுத்த கூட்டம் அறிவிக்கப்படும்போது, எந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, எந்த இடத்தில் நடைபாதை அறுந்துபோகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். இரவுப் பேருந்து நேரங்களுக்காகப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாக ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். கார் இருப்பவர்களும் கையெழுத்திட வேண்டும்.