இன்னா மணி போட்டுகீது?

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கம் 27 வருடம் நிருபராக அலைந்தவன் நான். போலீஸ் விசாரணைக்குப் போனவர் செத்துப்போனார் என்று தகவல் வந்தால் எல்லோரும் 'எப்படி?' என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கும். நெஞ்சுவலி, ஓடும்போது விழுந்தார், கழிப்பறையில் வழுக்கினார். மாவுக்கட்டுப் போட்ட கைகளைப் படத்தில் பார்த்து நாம் சிரிக்கிறோமே, அதே கழிப்பறைதான்!

ஆனால் 'எத்தனை மணிக்கு?' என்பதற்குக் கதை கட்டுவது கஷ்டம். அது பல நோட்டுகளில், பல பேர் கையெழுத்தில் கிடக்கிறது. ஸ்டேஷன் டைரி, ரிமாண்ட் உத்தரவு, சிறை வாசலில் உடம்பைப் பார்த்து எழுதும் பதிவேடு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஆஸ்பத்திரி ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, அடித்தவர் தெரிந்தவரா தெரியாதவரா என்று டூட்டி டாக்டர் அதில் எழுதுவார்.

அப்படிப் பையனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, சுருக்குப்பையிலிருந்து அந்த ஏ.ஆர். நகலை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "இதுல இன்னா மணி போட்டுகீது சார்?"

இரவு 11.40. சாயங்காலம் ஆறு மணிக்கே பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பது போலீஸ் தரப்பு. கூட்டிவந்தவர் என்ற இடத்திலோ ஒரு காவலரின் எண். வீட்டுக்குப் போனவனை நடுராத்திரியில் போலீஸ்காரர் ஏன் தூக்கிவருகிறார்? நான் எழுதிய செய்தி அந்த ஒரு வரிதான்.

'அனுப்பிவிட்டோம்' லேசுப்பட்ட சொல் இல்லை. காவலில் சாவு என்றால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 176(1ஏ) பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 196. மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல் போயாக வேண்டும். விட்டபிறகு செத்தார் என்றால், இது காவல் மரணமே இல்லை என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. 2015 ஜூனில் ஒரு இளைஞரின் சாவால் ஆம்பூரில் கலவரம் மூண்டதே, பள்ளிகொண்டா போலீஸ் விசாரித்த அந்த இளைஞர் இறந்தது சென்னை ஆஸ்பத்திரியில்.

சாத்தான்குளத்திலும் அப்படித்தான். 2020 ஜூன் 19 அன்று பிடித்த தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனபிறகு இறந்தார்கள். கணக்கில் அது நீதிமன்றக் காவல், போலீஸ் காவல் இல்லை. விசாரிக்கப் போன நடுவரிடம் ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று சொன்னார். ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்ததும் அந்த விசாரணையில்தான் தெரிந்தது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பதிவைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொன்னது. ஆகவே இளம் நிருபர்களே, சாவுச் செய்தி வந்த அன்றே கேமராப் பதிவைக் கேட்டு மனுப் போடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் ஆர்.டி.ஐ.யில், அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில், பதில் தர 48 மணி நேரம்தான் கெடு.

அந்த அம்மாவிடம் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஜெராக்ஸ் எட்துக்கோ சார். இது என்னாண்டயே இருக்கட்டும்."