சுவருக்கு ஒரே ஒரு நட்சத்திரம்: ஒஹாயோ ஸ்டாரை மூன்றடியில் தைப்பது

[திரை: மேஜையில் 6 அங்குல ஒஹாயோ ஸ்டார் பிளாக். பின்னால் சுவரில் அதே வடிவம், 36 அங்குலத்தில்.]

வணக்கம். குவில்ட் என்றாலே சின்னச் சின்ன பிளாக்குகளை, அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்களை, வரிசையாக இணைத்த பெரிய விரிப்புதான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அதில் ஒரே ஒரு பிளாக்கை மட்டும் எடுத்து, 36 அங்குலச் சதுரமாக்கி, சுவரில் மாட்டப் போகிறோம்.

ஒஹாயோ ஸ்டாரை இப்படிப் பெரிதாகப் பார்ப்பது அமெரிக்கக் கிராமங்களுக்குப் பழகிய காட்சி. 2001இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர், குவில்ட் தைக்கும் தன் அம்மாவைக் கௌரவிக்க, களஞ்சியச் சுவர்களில் குவில்ட் பிளாக்குகளை வரைந்து மாட்டும் முயற்சியைத் தொடங்கினார். முதலில் சுவர் ஏறியது ஒஹாயோ ஸ்டார். இந்தப் பலகைகள் பெரும்பாலும் எட்டடிக்கு எட்டடி இருக்கும். அதற்கும் முன்பே, 1971இல், நியூயார்க்கின் விட்னி மியூசியம் பழைய குவில்ட்களை ஓவியம் மாட்டுவதைப் போலவே சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்திவிட்டது.

பலகையில் பெயின்ட் அடிப்பவருக்கு அளவைக் கூட்டினால் வேலை முடிந்தது. துணியில் அப்படி இல்லை.

[திரை: இரண்டு சதுரங்கள், அளவு நாடாவுடன்.]

6 அங்குல பிளாக்கில் வெற்றுச் சதுரத்தை இரண்டரை அங்குலம் வெட்டுவோம். தைத்த பின் அது 2 அங்குலம். இப்போது ஆறு மடங்கு பெரிதாக்க வேண்டும். இரண்டரையை ஆறால் பெருக்கிப் பதினைந்து அங்குலம் வெட்டினால் எல்லாம் கெட்டுப்போகும். தைத்த அளவை மட்டும்தான் பெருக்க வேண்டும்: 12 அங்குலம். தையலுக்கு விடும் இடம் எந்த அளவிலும் அதே கால் அங்குலம், நம் கணக்கில் இரண்டு நூல். இரு பக்கமும் சேர்த்து, வெட்டும் அளவு பன்னிரண்டரை. பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்கு, பின்னால் பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விடும் பழக்கம் கையிலேயே இருக்கும். இங்கே அதை மறந்துவிடுங்கள்.

நட்சத்திரத்துக்கு அரக்கு, பின்னணிக்குச் சந்தன நிறம் என்று வைத்துக்கொள்வோம். 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் அரக்கு அரை மீட்டர், சந்தனம் முக்கால் மீட்டர் போதும். நனைத்துக் காயவைத்து, கஞ்சி போட்டு, அயர்ன் செய்த பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். கஞ்சி ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

ஒஹாயோ ஸ்டார் ஒன்பது கட்டம். நடுவில் அரக்குச் சதுரம், நான்கு மூலையிலும் சந்தனம், மீதி நான்கு கட்டங்களிலும் நான்கு முக்கோணங்கள் கூடும் சதுரங்கள். அந்த முக்கோணங்களில்தான் சிக்கல். சின்ன பிளாக்கில் மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் சில அங்குலம்தான். கொஞ்சம் இழுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே அது பத்தொன்பது அங்குலம் வரும். மூலைவிட்டமாக வெட்டினால் துணி கிராஸில் நிற்கும், கை பட்டாலே நீளும். பத்தொன்பது அங்குல ஓரம் நீண்டுபோனால் அந்த இடம் அலையலையாக எழும்பி நிற்கும், எந்த அயர்ன் பெட்டியாலும் அதைப் படிய வைக்க முடியாது. பெரிய பிளாக்கில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். கஞ்சி போடச் சொன்னதும் இதற்காகத்தான்: விறைப்பான துணி எளிதில் நீளாது.

வழி எளிது. வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், தைத்துவிட்டு வெட்டுங்கள்.

[திரை: மிக அருகில். சதுரத்தின் மேல் டெய்லர் சாக் கோடு.]

பதின்மூன்றரை அங்குலத்தில் அரக்கு இரண்டு, சந்தனம் இரண்டு. அரக்கின் மேல் சந்தனத்தை நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் இரண்டு நூல் தள்ளித் தையல் ஓட்டுங்கள். பிறகு கோட்டின் மேல் வெட்டினால், பாதி அரக்கு பாதி சந்தனமாக இரண்டு சதுரங்கள். கிராஸ் ஓரம் தையலுக்குள் போய்விட்டது, இனி அது நீளாது. தையலை அரக்குப் பக்கம் சாய்த்து அயர்ன் செய்யுங்கள். பெட்டியைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுங்கள்.

இப்போது அந்தச் சதுரங்களை இரண்டு இரண்டாகச் சேருங்கள். ஒன்றின் அரக்கு மற்றதன் சந்தனத்தின் மேல் வரட்டும். உள்ளே இருக்கும் இரண்டு தையல்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால் ஒன்றோடொன்று கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் மேடு தட்டாது. அங்கே ஒரு குண்டூசி. பழைய தையலைக் குறுக்காக வெட்டும்படி மறுபடியும் கோடு, இரு பக்கமும் தையல், நடுவில் வெட்டு. நான்கு கட்டங்கள் தயார். ஒவ்வொன்றும் பன்னிரண்டே முக்கால் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் ஆறேகால் அளந்து, ஓரங்களில் ஒரு நூல் மட்டும் சீவிவிடுங்கள். நான்கு ஓரமும் இப்போது நேர் நூலில் இருக்கிறது.

ஒன்பது கட்டங்களையும் மூன்று வரிசையாக இணைப்பது நிமிட வேலை. முக்கோணக் கட்டங்களில் அரக்கு முழுதும் மூலைச் சதுரங்களை ஒட்டி வருகிறதா என்று மட்டும் தரையில் பரப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரை: மூன்று அடுக்குகள், ஊக்கு குத்தியபடி.]

அடுத்து பஞ்சு விரிப்பு, கீழே காடா துணி, இரண்டும் 40 அங்குலம். ஊக்கு குத்தி மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அங்குல வெற்றுச் சதுரத்தைத் தையல் இல்லாமல் விட்டால், மாட்டிய பிறகு பஞ்சு கீழே சரிந்து துணி தொய்யும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

எனக்கு இந்த வெற்றிடம்தான் இதில் மிகப் பிடித்த பகுதி. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள், குவில்ட் முழுவதற்கும் நடுவில் ஒரே ஒரு பெரிய வைரக் கட்டம் வைத்து, அந்த ஒற்றை நிறப் பரப்பை இறகு வளையங்களாலும் குறுக்குக் கோடுகளாலும் கையாலேயே நிரப்பியிருக்கிறார்கள். தூரத்தில் நின்றால் நிறம். கிட்டே போனால் தையல். நீங்களும் நடுச் சதுரத்தில் ஒரு வட்டம், மூலைகளில் இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்குக் கோடுகள் என்று பொறுமையாகக் கைத்தையல் ஓட்டிப் பாருங்கள்.

ஓரப்பட்டி தைக்கும்போது இரண்டு நூலுக்கு மேல் உள்ளே போகாதீர்கள். போனால் நட்சத்திரத்தின் முனைகள் வெட்டுப்படும்.

மாட்டுவதற்கு மூலையில் வளையம் வேண்டாம். எடை முழுதும் இரண்டு முனையில் இறங்கி, நடுப்பகுதி தொங்கிவிடும். ஒன்பது அங்குல அகலக் காடாத் துண்டைக் குழாயாகத் தைத்து, பின்புறம் மேல் விளிம்பில் ஹெம்மிங் போட்டுப் பிடியுங்கள். ஊசி காடாவையும் பஞ்சையும் மட்டும் எடுக்க வேண்டும். முன்பக்கத் துணியைத் தொடக்கூடாது. குழாயின் வெளிப்பக்கத்தைச் சற்றே தளர்வாக விட்டால், உள்ளே நுழையும் கம்பியின் புடைப்பு முன்னால் தெரியாது. வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள், அரக்கு வெளுக்காமல் இருக்கும்.